பாடன் நாட்டு வரைபடமும் எங்கள் ரெனான் வருடங்களும்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இத்தனை வருடமாகச் சீவியது காணாதென்று வீட்டிலும் அதே வேலை. ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூ ஆவணக்காப்பகத்தில் உனக்கு நிரந்தர வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்னாய். கத்தியை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து போனுக்கே முத்தம் கொடுத்தாள். அதெல்லாம் உனக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை இந்தப் பேனாவைத் தூக்க வைத்திருக்கிறது. "நான் தனியத்தான் போறன் அப்பா. தர்சினி பூம்ப்ளிஸிலையே நிக்கட்டும். அவவுக்குப் பிரஜாவுரிமைக்கு இன்னும் இரண்டரை வருசம்தானே. சிவப்புப் பாஸ்போட் கிடைச்ச உடன கூப்பிடுறன்" என்றாய். மருமகள் என்ன சொல்லுறா என்று கேட்டேன். "அவ ஓம் எண்டுதான் சொல்லுவா" என்றாய். நான் சோறு கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். சோறு அடுப்பில் இருக்கவே இல்லை.

வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். என் குணம் உனக்குத் தெரியாததா? எழுத்து என்றால் ஓட முடியாது. நான் கடைசியாக இவ்வளவு நீளமாக எழுதியது அகதி விண்ணப்பத்துக்குத்தான். அதில் பொய் எழுதவில்லை, இதிலும் எழுதமாட்டேன்.

போன நத்தார் விடுமுறைக்கு நீயும் தர்சினியும் ரெனானுக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உன் வரைபடத்தைக் காட்டினாயே, அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பாடன் என்று ஒரு நாடு ஜேர்மனியில் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பாசலுக்கு மேலே, ரைன் ஆற்றை ஒட்டிக்கொண்டு, ஒரு பயற்றங்காயைப் போல நீளமாகக் கிடந்தது. நீ வருடத்தை நகர்த்த நகர்த்தக் கோடுகள் ஓடின. முதலில் பெரும்பாலும் ஆறுகளின் பெயரை வைத்துப் பத்து வட்டாரம் பிரித்தார்கள் என்றாய். பிறகு அது நான்காகச் சுருங்கியது. பிறகு பதினொன்றாக விரிந்தது. உலகப் போருக்குப் பிறகு வடக்குப் பாதி அமெரிக்காக்காரரிடமும் தெற்குப் பாதி பிரெஞ்சுக்காரரிடமும் போனது. நெடுஞ்சாலை முழுவதும் தங்கள் பக்கம் வரவேண்டும் என்று அமெரிக்காக்காரர் நினைத்ததால் கோடு அந்த இடத்தில் விழுந்தது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் பாடன் என்ற நாடே பக்கத்து நாட்டோடு சேர்ந்து ஒரே மாநிலமாகிவிட்டது. நடுவில் ஒரு சின்னக் கிராமத்தைத் தொட்டுக் காட்டினாய். அது ஓர் அடிகூட நகராமல் எத்தனையோ அரசாங்கக் கச்சேரிகளுக்குக் கீழே போய் வந்திருந்தது. "அந்த ஊர்ச் சனத்துக்கு என்ன மாறினது?" என்று அம்மா கேட்டாள். "பெரிசா ஒண்டுமில்லை அம்மா. கல்யாணம் பதியிறதுக்கு வேறை ஊருக்குப் போகவேண்டி வந்திருக்கும்" என்றாய். அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய்த் தேத்தண்ணீர் வைத்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு கோட்டினால் எது மாறியது என்று எனக்கும் அவளுக்கும் தெரியும்.

இந்த வரைபடப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று சினேகிதர்கள் கேட்டால் பல்கலைக்கழகத்தைச் சொல்லாதே. ஃப்ரிபூர்க்கில் நீ படித்ததெல்லாம் பிறகு. அது ரெனானில் நம்முடைய மூன்றாம் மாடிக் குசினியில் தொடங்கியது. பிரஜாவுரிமை நேர்முகத்துக்குப் படிக்கவென்று ஒரு சினேகிதரிடம் நான் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதிலிருந்த எங்கள் மாநிலத்தின் பத்தொன்பது மாவட்டங்களையும் ஒரு மாதமாக பஸ்ஸிலும் சமையலறையிலும் பாடமாக்கினேன். நீ பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பழசு. இப்ப பத்துத்தான். நாங்கள் இருக்கிற மாவட்டமே புதுசு" என்றாய். எனக்கு வந்த கோபம்! பத்தொன்பதைப் பாடமாக்கிய மனிதனிடம் பத்துத்தான் என்றால் சந்தோஷப்படவேண்டும், நானோ அரசாங்கம் என்னை ஏமாற்றிவிட்டது என்பதுபோலக் கத்தினேன். நீ ஒரு தாளில் பழைய கோட்டைப் பென்சிலாலும் புதிய கோட்டைச் சிவப்புப் பேனாவாலும் கீறி, அம்மாவையும் என்னையும் இருத்தி வைத்துப் பாடம் எடுத்தாய். அம்மா உன்னிடம் நல்ல மாணவியாக இருந்தாள். நான் பழையதையும் புதியதையும் குழப்பிக் கடைசிவரை உன்னிடம் திட்டு வாங்கினேன்.

அந்த வருடங்களைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அம்மாவின் தங்கை, உன் சாந்தி சித்திக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் பேர்ண் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். சித்தியின் பிள்ளைகள், உன் தங்கச்சிமார் இரண்டு பேருக்கும் அப்போது ஆறு வயதும் மூன்று வயதும். சித்தப்பாவுக்கு றெஸ்டோரன்ட் வேலை, விடிந்தால் போய் இருட்டினால்தான் வருவார். அவர்கள் பேர்ணில், நீ இப்போது இருக்கும் அதே பூம்ப்ளிஸில் இருந்த கட்டடத்தில், அடுத்த மாடியில், ஒரு வீடு காலியானது. அம்மா அதை என்னிடம் சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "நாங்கள் அங்கை போனா என்ன? எனக்கு அங்கையும் துப்புரவு வேலை கிடைக்கும். சாந்தி பாவம்" என்றாள்.

நான் முடியாது என்றேன். உனக்கு இன்று இந்தச் சட்டங்களெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் உன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் எழுதுகிறேன். இந்த நாட்டில் பிரஜாவுரிமை கேட்டால் நாட்டில் இருந்த வருடத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள். அந்த மாநிலத்தில் எத்தனை வருடம், அந்த ஊரில் எத்தனை வருடம் என்றும் எண்ணுவார்கள். ரெனானிலிருந்து பூம்ப்ளிஸுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஆனால் அது வேறு மாநிலம். மாறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். எங்கள் விண்ணப்பம் அப்போதுதான் நகரசபைக்குள் போயிருந்தது. நான் அம்மாவிடம் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னேன். உன் படிப்பைச் சொன்னேன். பிரெஞ்சில் படிக்கும் பிள்ளையை ஜேர்மன் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போடுவதா என்றேன். அது பொய்க் காரணமல்ல, ஆனால் பெரிய காரணமும் அல்ல. பெரிய காரணம் பயம். ஓர் இடத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவனுக்கு, இனி யாரும் துரத்த முடியாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கும்வரை நித்திரை வராது. அந்தப் பயத்தை நான் உங்கள் இருவருடைய நன்மை என்று பெயர் வைத்துக் கூப்பிட்டேன்.

அம்மா சண்டை பிடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் ரயிலேறத் தொடங்கினாள். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சித்திக்கென்று உப்பில்லாமல் தனியாக ஒரு கறி, எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டிக்கொண்டு போவாள். ஞாயிறு பின்னேரம் திரும்பி வரும்போது அந்தப் பையில் சித்தி வீட்டு உடுப்புகள் தோய்ப்பதற்கு வரும். நீ சில நாட்கள் கூடப் போனாய். லவுசானில் ரயில் மாறும்போது ஓடாமல் போகச் சொல்லி உன்னிடம் அவளை ஒப்படைத்தேன். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் தாயை ஒப்படைத்தேன், ஆனால் வீட்டை மாற்றமாட்டேன் என்றேன். இப்படித்தான் நான் கெட்டிக்காரனாக இருந்தேன்.

இனி எழுதப்போவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நேர்முகம் நடந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினைந்து வயது, என்னுடைய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவில்லை. பத்து மணிக்கு நகரசபைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அம்மா நீலச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு என் போன் அடித்தது. நான் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். சித்தப்பா. "அண்ணை, சாந்தியை விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டாங்கள். அக்காவை ஒருக்கா உடன வரச்சொல்லுங்கோ. அவவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா" என்றார். நான் ஓம் என்றேன். ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொன்னேன். பிறகு போனைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். உள்ளே வந்ததும் "ஆர் அப்பா?" என்று நீ கேட்டாய். வேலையிடத்திலிருந்து என்றேன். நீ நம்பினாய், அம்மாவும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்தாள்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நல்ல மனிதர்கள், எங்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார்கள். என்னிடம் ஆறுகளைக் கேட்டார்கள், தப்பிவிட்டேன். அம்மாவிடம் மாவட்டங்களைக் கேட்டார்கள். அவள் ஒருதரம் உன்னைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே பத்தையும் சொன்னாள். ஒன்றும் தவறவில்லை. அந்த வயதான பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தனக்கே இன்னும் பழையதுதான் வாயில் வருகிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தொடையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

ரெனான் ரயில் நிலையத்தில் வைத்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். இப்போதுதான் போன் வந்தது என்றேன். நாங்கள் பேர்ணுக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்திக்குக் குழாய் போட்டு, மயக்கத்தில் வைத்திருந்தார்கள். அம்மா அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. சாந்தி கண் திறக்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்ல ஆசைப்பட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. நான் நேரத்தோடு சொல்லியிருந்தால் அந்தப் பத்து மணிக்கு அம்மா அவள் பக்கத்தில் இருந்திருப்பாள்.

நேர்முகத்தைத் தள்ளிப்போட்டால் விண்ணப்பத்தைக் கிழித்து எறிந்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை. சில மாதங்கள் கழித்து, கீழ் மாடிப் போர்த்துக்கல்காரன் மனைவிக்குப் பிள்ளை பிறந்ததால் நேர்முகத்துக்கு வரமுடியாது என்று போன் எடுத்தானாம். வாழ்த்துச் சொல்லி வேறு திகதி கொடுத்தார்களாம். அவன் அதைப் படிக்கட்டில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போய், கொஞ்ச நேரம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் பாஸ்போட்டுகள் வந்தபோது அம்மா தன்னுடையதைத் திறந்து படத்தைப் பார்த்தாள். வடிவாய் இருக்கு என்றாள். அலுமாரியில், சித்தியின் படத்துக்குக் கீழே, பத்திரமாக வைத்தாள்.

பாஸ்போட் பெரிதில்லை என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அது கையில் இருப்பவர்கள் சொல்லும் கதை. அந்தச் சிவப்புப் புத்தகத்தால் நீ வரிசையில் நிற்காமல் ஜேர்மனிக்குப் போய் வேலை கேட்டாய். உன் வரைபடத்தில் ஒரு மூலையைத் தொட்டு, இந்தக் காட்டுக்குள்ளால்தான் ஒரு வான்காரன் எங்களைக் கொண்டுவந்து இறக்கினான் என்று நான் சொன்னபோது, நீ அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். நான் ஒளிந்து கடந்த எல்லையை நீ இனி வாராவாரம் பேப்பர் வாசித்துக்கொண்டு கடப்பாய். எனக்கு அதில் பெருமை இல்லையென்றால் யாருக்கு இருக்கும்? தர்சினிக்கும் அந்தப் புத்தகம் வேண்டும் என்று நீ நினைப்பது அன்பினால்தான் என்பதும் எனக்குத் தெரியும். என்னுடையதும் அன்புதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

நீ வேலைத் தேர்வுக்காகக் கார்ல்ஸ்ரூவுக்குப் போன கிழமை, நான் பூம்ப்ளிஸுக்கு மீன் கொண்டுபோனேன். உன் வாசலில் உன்னுடைய பழைய சப்பாத்துச் சோடி ஒன்று வெளியே இருந்தது. உள்ளே தூக்கி வைக்கட்டோ என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, அது அங்கையே கிடக்கட்டும். ஆம்பிளை வீட்டிலை நிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள் தர்சினி. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு மீன் நல்ல மீன் என்றாள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டரை வருடம்தான். காலையில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை, பின்னேரம் ஜேர்மன் வகுப்பு, வெள்ளிக்கிழமை கோயில். இதைத் தவிர அவளுக்கு அந்த ஊரில் நீதான் இருக்கிறாய். நீ ஐந்து நாள் இல்லாததற்கே சப்பாத்தை வெளியே வைத்தவள் உன்னிடம் அதைச் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்லாமல் நான் உன்னிடம் சொல்கிறேன், கோள் சொல்லுகிறேன் என்று வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை நான் திங்கட்கிழமை ஒருதரம் எழுதி முடித்தேன். அதில் கடைசியில், பேசாமல் தர்சினியைக் கூட்டிக்கொண்டு போ, இது அப்பாவின் கட்டளை என்று இருந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அம்மாவுக்குத் தெரியாததை உனக்கு எழுதிவிட்டு, அவளோடு ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்கனியில் வந்த போனைச் சொன்னேன். எட்டு மணி என்பதைச் சொன்னேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். சாந்தியின்ரை எட்டுச் செலவுக் காரியத்தண்டு அவளின்ரை மனுசன் சொன்னவர், விடிய எட்டு மணிக்கே அண்ணைக்கு அடிச்சனான் எண்டு" என்றாள்.

பதினான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது தம்பி. அதற்குப் பிறகு எனக்கு எத்தனை தரம் சோறு போட்டிருப்பாள், எத்தனை தரம் காய்ச்சலுக்கு மல்லி அவித்துத் தந்திருப்பாள்! ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். கேட்டு என்ன, சாந்தி வரப்போறாளோ என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்கள் என்னட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் நான் பிள்ளைக்காக அந்த நேர்முகத்துக்கு வந்துதான் இருப்பன் எண்டு நினைக்கிறன். ஆனா என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றாள். வெங்காயத்தினாலா என்று எனக்குத் தெரியாது, இருவருக்கும் கண் கலங்கியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தட்டை எனக்கு முன்னால் வைத்தாள், நாங்கள் சாப்பிட்டோம்.

அன்று பின்னேரமே அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கூட்டிக்கொண்டு போ என்று உனக்குக் கட்டளை போட்டால், தர்சினியிடம் கேட்காமல் தீர்மானிக்கிற ஆட்கள் நீயும் நானுமாக இரண்டு பேராகிவிடுவோம். அவள் உன்னோடு வர விரும்பலாம். இல்லை, தனியே நின்று தன் வருடங்களை முடிக்கிறேன் என்று அவளே சொல்லலாம், அவள் உன்னைவிடத் துணிச்சல்காரி என்பது என் எண்ணம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவள் ஓம் எண்டுதான் சொல்லுவாள் என்று நீ சொன்னது அவளுடைய பதில் அல்ல, நீ அவளுக்காக எழுதி வைத்த பதில்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, அவள் வேலையால் வந்ததும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு அவளிடம் கேள். சட்டத்தை விளக்காதே, வரைபடத்தைத் திறக்காதே, விரலை மடக்கி வருடம் எண்ணிக் காட்டாதே. என்ன செய்வம் என்று மட்டும் கேள். கேட்டபிறகு அவள் வாய் திறக்கும்வரை சும்மா இரு. அன்று காலை பல்கனியிலிருந்து உள்ளே வந்தபோது நான் பயந்தது, கேட்டுவிட்டு அம்மாவின் பதிலுக்குக் காத்திருக்கவேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அப்பா